கடிதம் போய்ச் சேர்ந்தது

ஆன் ஃபிராங்க் எழுதியவற்றில் உன்னை மிகவும் பயமுறுத்திய பக்கம் எது என்று யாராவது கேட்டால், நாட்குறிப்பிலிருந்து எதையும் சொல்ல மாட்டேன். 1940 ஏப்ரல் 29 என்று தேதியிட்ட ஒரு பள்ளிக்கூடக் கடிதத்தைச் சொல்வேன். அதில் பயப்படும்படி ஒன்றுமே இல்லை. அதுதான் விஷயமே.

அந்தக் கடிதம் போனது அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் இருக்கும் டான்வில் என்ற சின்ன ஊருக்கு. சுற்றிலும் பண்ணைகள். பெர்டி மேத்யூஸ் என்று ஓர் ஆசிரியை அங்கே இருந்தார். தன் மாணவர்கள் அயோவாவுக்கு வெளியேயும் உலகம் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேனா நட்புக்கு ஏற்பாடு செய்தார். ஒரு பெயர்ப் பட்டியல், ஆளுக்கொரு பெயர். ஜுவானிட்டா வாக்னர் என்ற பத்து வயதுச் சிறுமிக்கு ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெயர் கிடைத்தது. எழுதினாள். தனக்கு பெட்டி என்று ஓர் அக்கா இருப்பதையும் எழுதினாள். பதிலுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று ஜுவானிட்டாவுக்கு ஆன் எழுதியது. இன்னொன்று பெட்டிக்கு ஆனின் அக்கா மார்கோட் எழுதியது.

பிள்ளைகளுக்கு மனித உரிமை பற்றிச் சொல்லித்தர இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்தும் வழிகளில் ஒன்று, ஒரு நாட்டுப் பள்ளியை இன்னொரு நாட்டுப் பள்ளியோடு இணைப்பது. யுனெஸ்கோ 1953இலேயே 15 நாடுகளில் 33 பள்ளிகளைச் சேர்த்து இதற்கென ஒரு வலையமைப்பைத் தொடங்கியது. நம் ஊரிலும் இப்போது கடிதத்துக்குப் பதில் ஸூம் இருக்கிறது, கொடி இருக்கிறது, பலகாரத் தட்டு இருக்கிறது. அந்தக் கல்வியில் பாடநூலாக ஆனின் நாட்டுக்குறிப்பு அளவுக்குப் பயன்படும் புத்தகம் அதிகம் இல்லை. ஆனால் அந்த ஆனே ஒரு பள்ளிப் பரிமாற்றத்தில் பங்கெடுத்தவள் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பேசினால் நல்லது என்று நினைக்கிறேன். காரணம், அந்தப் பரிமாற்றம் எது முடியும், எது முடியாது என்பதை அந்த இரண்டு கடிதங்களே காட்டிவிடுகின்றன.

முதலில் ஆனின் கடிதம். அவளுக்கு அப்போது பத்து வயது, பதினொன்றாக இன்னும் ஆறு வாரம். ஆங்கிலம் தெரியாது, அப்பா மொழிபெயர்த்துக் கொடுத்ததைப் பார்த்து எழுதியிருப்பாள் என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். என்ன எழுதினாள்? வீட்டில் தானும் அக்காவும் மட்டும்தான் பிள்ளைகள். பாட்டி தங்களோடு இருக்கிறார். அப்பாவுக்கு ஓர் அலுவலகம், அம்மாவுக்கு வீட்டு வேலை. பள்ளி மாண்டிசோரி முறை, வீட்டுப்பாடம் குறைவு. வரைபடத்தில் தேடி டான்விலுக்குப் பக்கத்திலுள்ள பர்லிங்டனைக் கண்டுபிடித்துவிட்டாள். பட அஞ்சலட்டை சேர்க்கிறாள், ஏறக்குறைய 800 இருக்கிறது. பிறந்தநாள் ஜூன் 12. உன் படம் ஒன்று அனுப்பு. முன்பு தன் பள்ளியில் படித்த ஒரு பிள்ளை நியூயார்க் போய்விட்டது, அங்கிருந்து வகுப்புக்குக் கடிதம்கூட எழுதியது.

அவ்வளவுதான். நம் பள்ளிகளில் அனைத்துலக நட்பு வாரத்துக்கு ஒரு மாதிரிக் கடிதம் தேவைப்பட்டால் இதையே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம். குடும்பம், பள்ளி, பொழுதுபோக்கு, பிறந்தநாள், 'உன்னைப் பற்றியும் சொல்' என்ற அழைப்பு. எல்லாம் முறையாக இருக்கிறது.

இப்போது அந்தக் காலத்தின் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பாட்டி ஏன் அவர்களோடு இருந்தார்? 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் அடித்து நொறுக்கப்பட்டன. அதன்பிறகு 1939 மார்ச்சில் ஆஹன் நகரிலிருந்து தப்பி வந்தவர் அவர். அப்பாவுக்கு ஏன் ஆம்ஸ்டர்டாமில் அலுவலகம்? ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஃபிராங்க்ஃபர்ட்டை விட்டு வந்தவர்கள் அவர்கள். கூடப் படித்த பிள்ளை ஏன் நியூயார்க் போனது என்று கடிதம் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடங்களில் ஐரோப்பாவை விட்டு நியூயார்க் போனவர்களில் பலர் எதற்காகப் போனார்கள் என்பது நமக்குத் தெரியும். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஒரு கதவு மூடியிருக்கிறது. டான்வில் சிறுமிகளுக்கு இது எதுவும் தெரியாது. ஃபிராங்க் வீட்டார் யூதர்கள் என்பதே அவர்களுக்குத் தெரிய வந்தது போருக்குப் பிறகுதான்.

ஆன் எதையும் மறைத்தாள் என்று நான் சொல்லவில்லை. பேனா நட்புக் கடிதம் என்ற வடிவத்துக்கே எழுதப்படாத ஒரு விதி இருக்கிறது: சிரித்த முகமாக இரு, எதிர்ப்பக்கத்துப் பிள்ளைக்குச் சங்கடம் தராதே, நீயும் நானும் ஒன்றுதான் என்று காட்டு. பத்து வயதுப் பிள்ளை அந்த விதியைச் சரியாகவே பின்பற்றியிருக்கிறது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தால் இன்னும் சரியாக.

மார்கோட்டின் கடிதம் வேறு மாதிரி. அவளுக்குப் பதினான்கு வயது. அவளும் ஊர் பெருமையெல்லாம் சொல்கிறாள்: பன்னிரண்டு மாடிக் கட்டடம், கடலோரம், கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் தட்டையான நிலம். நடுவில் இரண்டு இடத்தில் கை நழுவுகிறது. ஜெர்மனியோடு எல்லை வைத்திருக்கும் சின்ன நாடு என்பதால் பாதுகாப்பாக உணர்வதே இல்லை, அதனால் அடிக்கடி வானொலி கேட்கிறோம் என்கிறாள். சுவிட்சர்லாந்தில், பாசல் நகரில் இருக்கும் அத்தை மகன்களைப் பார்க்கப் போக முடியாது, போர்க்காலம், விசா யாருக்கும் தருவதில்லை என்கிறாள். அஞ்சலட்டை, பிறந்தநாள், மாண்டிசோரி எல்லாம் நடுவே 'விசா' என்ற ஒரு சொல் வந்து விழுகிறது. அந்தப் பரிமாற்றத்தில் மனித உரிமைக் கல்வி என்று ஒன்று நடந்திருக்குமானால், அது அந்தச் சொல்லிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். விசா என்றால் என்ன, அதை யார் தருகிறார்கள், யார் தர மறுக்கிறார்கள் என்று ஒரு வகுப்பறை கேட்டிருக்க வேண்டும்.

கேட்க நேரமில்லை. பதினோரு நாள் கழித்து, மே 10 அன்று, ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. டான்விலுக்கு மூன்றாவது கடிதம் வரவில்லை.

இங்கேதான் இலக்கிய வாசகியாக எனக்கு ஒன்று தோன்றியது. நாட்குறிப்பின் 1942 ஜூன் 20 பதிவை எடுத்துப் பாருங்கள். பின்னாளில், 1944இல், நூலாக வெளியிடும் எண்ணத்தோடு ஆன் தன் குறிப்புகளைத் திருத்தி எழுதினாளே, அந்தப் பிரதி தொடங்குவது இந்தப் பதிவில்தான். தனக்கு உண்மையான தோழி என்று யாரும் இல்லை என்கிறாள், கிட்டி என்ற கற்பனைத் தோழிக்கு எழுதப்போவதாக அறிவிக்கிறாள், பிறகு தன் குடும்பத்தை அறிமுகப்படுத்துகிறாள். அப்பா, அம்மா, அக்கா, பாட்டி, மாண்டிசோரி பள்ளி. கவனித்தீர்களா? டான்விலுக்குப் போன கடிதத்தில் இருந்த அதே சாமான்கள், அதே வரிசையில்கூட ஏறக்குறைய. ஆனால் இந்த முறை காரணங்களும் சேர்ந்து வருகின்றன. யூதர்கள் என்பதால் 1933இல் இங்கே வந்தோம். 1938 கலவரத்துக்குப் பிறகு மாமாக்கள் அமெரிக்காவுக்குத் தப்பினார்கள், பாட்டி எங்களிடம் வந்தார். அப்புறம் பட்டியல் போடுகிறாள்: மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும், சைக்கிளை ஒப்படைக்க வேண்டும், டிராமில் ஏறக்கூடாது, மாலை 3 முதல் 5 வரைதான் கடைக்குப் போகலாம், யூதர் பள்ளியில்தான் படிக்க வேண்டும்.

என் வாசிப்பில் இது டான்வில் கடிதத்தின் இரண்டாம் வரைவு. கதவுகளைத் திறந்துவிட்டு எழுதிய வரைவு. அதை அவளால் எழுத முடிந்தது ஏன்? கிட்டிக்குச் சங்கடம் வராது, கிட்டி பதில் போட மாட்டாள். நிஜத் தோழியிடம் சொல்ல முடியாததை இல்லாத தோழியிடம் சொல்ல முடிந்திருக்கிறது. பள்ளிப் பரிமாற்றங்கள் மீது எனக்குள்ள ஐயம் முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது. இரண்டு வகுப்பறைகளைச் சேர்த்துவைத்து நாம் பிள்ளைகளுக்குப் பழக்குவது முதல் கடிதத்தை. உரிமை பற்றிய பேச்சு இருப்பதோ இரண்டாவது கடிதத்தில்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆட்டோ ஃபிராங்க் 1938லேயே ரோட்டர்டாமிலிருந்த அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் குடிநுழைவுக்கு விண்ணப்பித்திருந்தார். 1940 மே 14 அன்று ஜெர்மானியர் குண்டு போட்டதில் அங்கிருந்த கோப்புகள் எரிந்துபோயின. 1941 ஏப்ரல் 30 அன்று, ஹைடல்பர்க் பல்கலைக்கழகக் காலத்து நண்பர் நேதன் ஸ்ட்ராஸுக்கு எழுதுகிறார். அவர் அமெரிக்காவில் பெரிய குடும்பம், அரசுப் பதவியிலும் இருந்தவர். முக்கியமாகப் பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேன் என்று அதில் சொல்கிறார். விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. ஜெர்மனியின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் அமெரிக்கத் தூதரக அலுவலகங்கள் அந்தக் கோடையில் மூடப்பட்டன. டிசம்பரில் கியூபாவுக்கு ஒரு விசா கிடைத்து, சில நாளில் அதுவும் ரத்தானது. இந்தக் கோப்பு 2007இல்தான் வெளியுலகுக்கு வந்தது.

ஆக, டான்விலுக்குக் கடிதம் எழுதும்போது அந்தக் குடும்பம் அதே நாட்டின் வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. கடிதம் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது. அஞ்சலட்டை தாண்டிவிட்டது. எழுதிய பிள்ளைகளால் தாண்ட முடியவில்லை. 1941 நவம்பரில் வந்த சட்டத்தால் வெளிநாட்டில் இருந்த ஜெர்மானிய யூதர்கள் குடியுரிமையையும் இழந்தார்கள். எங்கள் நாட்டுரிமையை ஹிட்லர் எப்போதோ பறித்துவிட்டான் என்று ஆன் 1942 அக்டோபரில் எழுதுகிறாள். போர் முடிந்ததும் டச்சுக் குடிமகள் ஆக வேண்டும் என்று 1944 ஏப்ரலில் ஆசைப்படுகிறாள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பிள்ளையாகத்தான் 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தாள்.

இந்த நாட்குறிப்பின் ஆங்கிலப் பதிப்பு 1952இல் வந்தபோது முன்னுரை எலினார் ரூஸ்வெல்ட் பெயரில் இருந்தது. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஒவ்வொருவருக்கும் நாட்டுரிமை உண்டு என்கிறது அந்தப் பிரகடனத்தின் 15ஆம் பிரிவு. நூலும் பிரகடனமும் இப்படி ஒரே கையில் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் பள்ளிகளுக்குள் போனது அந்த 15ஆம் பிரிவின் ஆன் இல்லை. 1955இல் பிராட்வேயில் மேடையேறிய நாடகத்தின் ஆன். மனிதர்கள் உள்ளுக்குள் நல்லவர்கள்தான் என்ற பொருளில் வரும் வரியோடு திரை விழ, பார்வையாளர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அதே பதிவில், நெருங்கி வரும் இடி முழக்கம் தன்னையும் அழிக்கப்போவதை அவள் கேட்கிறாள். அதைச் சுவரொட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை.

சிந்தியா ஓசிக் 1997இல் 'நியூயார்க்கர்' இதழில் இதைக் கடுமையாகவே எழுதினார். வெட்டி, இனிப்புப் பூசி, எல்லோருக்கும் பொதுவாக்கி, கடைசியில் அந்தப் பெண்ணிடமிருந்தே அவள் நாட்குறிப்பைப் பறித்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். இப்படியெல்லாம் ஆவதற்குப் பதில் அது எரிந்தே போயிருக்கலாமோ என்று கேட்கும் அளவுக்குப் போகிறார். பாதி தூரம் அவரோடு போகிறேன். நாட்குறிப்பு பொய்யாக்கப்பட்டது உண்மை. ஆனால் அதற்கு மருந்து எரிப்பது இல்லை, பக்கத்தில் இன்னொரு தாளை வைப்பது. அந்த ஏப்ரல் கடிதத்தை வைத்துவிட்டால் போதும், இனிப்பு தானாக இறங்கிவிடும்.

ஆனுக்குப் பின்னால் வந்த ஒரு பிள்ளை இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தாள். சரயேவோ முற்றுகைக்குள் இருந்த ஸ்லாட்டா ஃபிலிபோவிச், கிட்டியைப் பார்த்துத் தன் நாட்குறிப்புக்கு மிம்மி என்று பெயர் வைத்தவள். தன்னை ஆன் ஃபிராங்கோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் பெருமைப்படவில்லை, பயந்துபோனாள். அந்த ஒப்பீட்டின் முடிவு என்னவென்று அவளுக்குத் தெரியும். 1993 கடைசியில் அவள் குடும்பம் பாரிஸ் போய்ச் சேர்ந்தது. அவள் புத்தகமே அவளுக்கு விசா ஆனது. புத்தகம் எழுதாத சரயேவோ பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

சரி, இதெல்லாம் ஐரோப்பா, நமக்கென்ன என்று கேட்கலாம். எங்கள் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் பொறியியல் படித்தவள். சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ரோபோட்டிக்ஸ் சொல்லித்தரப் போவதுண்டு. அந்தப் பள்ளிக்கு அண்டை நாட்டுப் பள்ளி ஒன்றோடு பரிமாற்றத் திட்டம் இருந்தது. தலைப்பு சிறுவர் உரிமைகள். சில மாதம் இணையத்தில் பேசினார்கள், சுவரொட்டி வரைந்தார்கள், கடைசியில் பன்னிரண்டு பேர் நேரில் போவதாக ஏற்பாடு. ஐந்தாம் ஆண்டில் ஒரு பையன், படம் வரைவதில் கெட்டிக்காரன். அப்பா நம் நாட்டுக்காரர், அம்மா வெளிநாட்டவர், திருமணப் பதிவுக்கு முன்பே பிறந்துவிட்டான். பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்ல என்று இருக்கிறது. கடப்பிதழ் எடுக்க முடியாது. அவன் வரைந்த படம் கோப்பில் போனது, அவன் போகவில்லை. மற்றப் பிள்ளைகளிடம் அவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லப்பட்டது. திரும்பி வந்த ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள்: "அக்கா, காய்ச்சல் நல்லாயிடுச்சுன்னா அடுத்த வருஷம் அவனும் வருவான்தானே?"

யாரையும் கெட்டவர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஆசிரியர்கள் அவன் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார்கள். அவனை மேடையில் நிறுத்தி அவன் கதையைச் சொல்லவைத்திருந்தால் அது இன்னொரு கொடுமை. ஆனால் நடந்தது என்னவென்று பாருங்கள். சிறுவர் உரிமை பற்றி ஒரு திட்டம். அந்த உரிமை இல்லாத பிள்ளை அதே வகுப்பில். அதைச் சொல்ல அங்கே யாருக்கும் வார்த்தை இல்லாமல் காய்ச்சல் என்று ஒரு வார்த்தையைக் கடன் வாங்கினார்கள். சிறுவர் உரிமை ஒப்பந்தத்தில் மலேசியா 1995இல் சேர்ந்தபோது சில பிரிவுகளுக்கு விலக்கு வைத்தே சேர்ந்தது. 2010இல் சிலவற்றை விலக்கிக்கொண்டது. பெயரும் நாட்டுரிமையும் பெறும் உரிமையைச் சொல்லும் 7ஆம் பிரிவின் மீதான விலக்கு அப்போதும் அப்படியே இருந்தது. இதை எந்தச் சுவரொட்டியில் வரைவது?

இந்த மாதிரி இடத்தில்தான் இலக்கியத்துக்கு வேலை இருக்கிறது என்று நம்புகிறேன். வகுப்பில் இருக்கும் பிள்ளையைச் சுட்டாமல் அவனைப் பாதிக்கும் விஷயத்தைப் பேச ஒரு பிரதி உதவும். ஆனின் கடிதத்தைப் பெயர் சொல்லாமல் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். பதில் எழுதச் சொல்லலாம், ஆசையாக எழுதுவார்கள். பிறகு மார்கோட்டின் கடிதம். விசா என்றால் என்ன டீச்சர் என்று யாராவது கேட்பார்கள். பிறகு தேதி. பிறகு ஜூன் 20 பதிவு. முதல் கடிதத்தில் இல்லாதது இதில் என்ன இருக்கிறது, ஏன் முதலில் சொல்லவில்லை என்று அவர்களே தேடட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு கனம் எதற்கு என்பார்கள். அந்தக் கடிதத்தை எழுதியதே பத்து வயதுப் பிள்ளை. கடப்பிதழ் இல்லாத பையனுக்கும் பதினொன்றுதான். கனம் ஏற்கெனவே அவர்கள் தோளில் இருக்கிறது. பாலத்தைப் படிக்கும்போது எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது அது எங்கே முறியும் என்பதைத்தான். பரிமாற்றம் ஒரு பாலம் என்று மேடையில் எல்லாரும் சொல்கிறார்கள். அது முறியும் இடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும்.

டான்வில் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. போர் முடிந்ததும் பெட்டி வாக்னர் அதே ஆம்ஸ்டர்டாம் முகவரிக்கு மறுபடி எழுதினார். ஆட்டோ ஃபிராங்க் பதில் எழுதினார், நீண்ட, கையால் எழுதிய கடிதம். ஒளிந்திருந்தது, மனைவியும் மகள்களும் முகாம்களில் இறந்தது எல்லாம் அதில் இருந்தது. அப்போது பெட்டியே ஓர் ஆசிரியை. அழுததாகவும், மறுநாள் அதைப் பள்ளிக்கு எடுத்துப்போய் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியதாகவும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். போர்க்காலத்தில் அமெரிக்காவில் இருந்ததற்கு நீங்கள் எவ்வளவு கொடுத்து வைத்தவர்கள் என்று பிள்ளைகள் உணர வேண்டும் என்பதற்காக வாசித்தாராம்.

நல்ல மனம் உள்ள ஆசிரியை, அழுத கண்ணோடு, சரியான கடிதத்தை வைத்துக்கொண்டு நடத்திய பாடம் அது. கொடுத்து வைத்தவர்கள் என்பதோடு பாடம் முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் இங்கே வருவதற்கு விண்ணப்பித்தார்களா, நாம் ஏன் தரவில்லை என்ற அடுத்த கேள்வியை அன்று அவர் கேட்டிருக்க முடியாது, அந்தக் கோப்பு அவரிடம் இல்லை. நம்மிடம் இருக்கிறது.

ஆனும் மார்கோட்டும் எழுதிய கடிதங்கள் 1988இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்து 1,65,000 டாலருக்குப் போயின. இப்போது லாஸ் ஏஞ்சலஸில் பத்திரமாக இருக்கின்றன. ஆட்டோ ஃபிராங்கின் கடிதம் தொலைந்துவிட்டது.